கால்குலேட்டர் சொன்ன 70 கிலோ

கேள்வி: எனக்கு வயது 44, உயரம் 160 செ.மீ. ஆறு வருடத்துக்கு முன், 118 கிலோ இருந்தபோது எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் (வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிடுவது) செய்துகொண்டேன். ஒன்றரை வருடத்தில் 79 கிலோ வரை இறங்கினேன். இப்போது 101. இரவில் புளித்த நீர் தொண்டை வரை வருகிறது, அதற்குத் தினமும் மாத்திரை. மூன்று வருடமாக மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுக்கிறேன். ஸ்லீவை வயிற்று பைபாஸாக (வயிற்றைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) மாற்றலாம் என்கிறார் மருத்துவர். என் தம்பிக்கு வயது 36, உயரம் 172 செ.மீ., எடை 128 கிலோ. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும் போடுகிறான். அவன் முதல் முறையாக ஸ்லீவ் செய்துகொள்ளப் போகிறான். "70 சதவீதம் குறையும்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் உள்ள ஒரு கால்குலேட்டரில் இருவர் விவரங்களையும் போட்டுப் பார்த்தோம். ஐந்து வருடம் கழித்து அவன் 97 கிலோ, பைபாஸ் செய்தால் நான் 70 கிலோ என்று வந்தது. அவனுக்கு ஏமாற்றம், எனக்குச் சந்தோஷம். இதை நம்பலாமா? போன முறை எனக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முறையாவது எண்ணைத் தெரிந்துகொண்டு இறங்க நினைக்கிறேன்.

பதில்:

நேராகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வந்த 97-ஐ ஓரளவு நம்பலாம். உங்களுக்கு வந்த 70-ஐ மறந்துவிடுங்கள். கால்குலேட்டர் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று அதனிடம் சொல்ல வழியே இருந்திருக்காது. அதனால் 101 கிலோ எடையுள்ள, வயிற்றில் யாரும் கத்தி வைக்காத வேறொரு பெண்ணுக்கு அது பதில் சொல்லியிருக்கிறது.

முதலில் தம்பியின் 70 சதவீதத்தைப் பார்ப்போம். எதில் 70 சதவீதம் என்று அவர் கேட்டாரா? 128 கிலோவில் 70 சதவீதம் போனால் மிச்சம் 40 கிலோகூட இருக்காது. அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது கூடுதல் எடையில் 70 சதவீதம். பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25 வரும் எடையை இயல்பு என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதைக் கூடுதல் எடை என்கிறோம். 172 செ.மீ. உயரத்துக்கு அந்த இயல்பு எடை 74 கிலோ. தம்பியின் கூடுதல் எடை 54 கிலோ, அதில் 70 சதவீதம் என்றால் 38 கிலோ. மொத்த எடையில் பார்த்தால் அதே 38 கிலோ வெறும் 30 சதவீதம்தான். விளம்பரத் தாளில் இரண்டில் எது அச்சாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூடுதல் எடைக் கணக்கில் வேறு ஒரு கோளாறும் உண்டு. 160 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இயல்பு எடை 64 கிலோ. ஒருவர் 90 கிலோ, இன்னொருவர் 150 கிலோ. ஆபரேஷனுக்குப் பிறகு இருவருமே மொத்த எடையில் சரியாகக் கால் பங்கை இழக்கிறார்கள். முதலாமவர் இழப்பது 22.5 கிலோ, அது அவருடைய கூடுதல் எடையில் 87 சதவீதம். இரண்டாமவர் இழப்பது 37.5 கிலோ, அது அவர் கணக்கில் 44 சதவீதம்தான். கூடுதல் எடையில் பாதி குறைந்தால் வெற்றி என்று ரொம்ப காலம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். அந்தக் கோட்டின்படி 37.5 கிலோ இழந்தவர் தோற்றவர், 22.5 கிலோ இழந்தவர் ஜெயித்தவர். எடை அதிகமுள்ளவர்களுக்கு ஆபரேஷன் சரியாக வேலை செய்வதில்லை என்ற பேச்சில் ஒரு பகுதி இந்தக் கணக்கு செய்த வேலை. இப்போது பெரும்பாலான ஆய்வுகள் மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதைத்தான் முதலில் சொல்கின்றன. உங்களிடம் யார் என்ன சதவீதம் சொன்னாலும், அதைக் கிலோவாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

எந்த வருடத்துச் சதவீதம் என்பதும் முக்கியம். ஆபரேஷனுக்குப் பின் எடை மிகக் கீழே இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள். அதன் பிறகு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் உச்சத்தில் மொத்த எடையில் 32 சதவீதம் இழந்திருந்தார்கள். பத்து வருடத்தில் அது 25 சதவீதமாகி அங்கே நிலைத்தது. ஃபின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வு ஸ்லீவையும் பைபாஸையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. ஐந்தாம் வருடத்தில் கூடுதல் எடையில் ஸ்லீவுக்கு 49 சதவீதம், பைபாஸுக்கு 57 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் வருடத்தில் 43.5, 50.7. இதை வைத்துப் பார்த்தால், ஸ்லீவுக்கு "70 சதவீதம்" என்பது முதல் இரண்டு வருடத்துப் பேச்சு. ஐந்தாம் வருடத்துக்கு 97 கிலோ என்று வந்ததே, அது கூடுதல் எடைக் கணக்கில் 57 சதவீதம். ஃபின்லாந்து ஸ்லீவ் சராசரியைவிட நல்ல எண். தம்பி ஏமாற்றமடைய அதில் ஒன்றும் இல்லை.

சரி, அந்த 97 எப்படி வருகிறது? நீங்கள் எந்தக் கால்குலேட்டரைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. இந்த வகையில் நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட ஒன்றை வைத்துச் சொல்கிறேன். 2023-ல் வெளியான சோஃபியா ஆய்வு, பத்து நாடுகளில் 12 மையங்களைச் சேர்ந்த 10,231 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டது. கணிப்பை உருவாக்கும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் 434 விவரங்களை இயந்திரத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் தேறியவை ஏழு: உயரம், எடை, என்ன ஆபரேஷன், வயது, சர்க்கரை நோய் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வருடமாக, புகைப்பழக்கம் உண்டா. அவ்வளவுதான். உங்கள் வீட்டார் சொல்லும் கட்டுப்பாடு அந்த ஏழில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஏழை வைத்து ஐந்து வருடம் கழித்து வரும் பிஎம்ஐயைக் கணித்தால், பிழையின் நடு அளவு 2.8. அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கணிப்பும் நடந்ததும் 2.8 பிஎம்ஐக்குள் ஒத்துப்போகும், மீதிப் பாதிக்கு அதைவிட அதிகமாக விலகும். தம்பியின் உயரத்துக்கு 2.8 பிஎம்ஐ என்றால் சுமார் 8 கிலோ. இதே அளவு துல்லியம் உள்ள கால்குலேட்டர் 97 என்று சொன்னால், அவரைப் போன்ற நூறு பேரில் ஐம்பது பேர் 89-க்கும் 105-க்கும் நடுவில் எங்கோ இருப்பார்கள், மற்ற ஐம்பது பேர் அதற்கு வெளியே. சிலர் 15 கிலோ தள்ளியும் நிற்பார்கள். இப்படி நூறு பேரை மனதில் வைத்து அந்த எண்ணைப் படித்தால் அது உபயோகமான எண். தம்பி என்ற ஒரு மனிதருக்கு எழுதிக் கொடுத்த வாக்குறுதியாகப் படித்தால் ஐந்தாம் வருடம் சண்டை வரும்.

வயது கூடினால் எடை குறைவது சற்றுக் குறையும், சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டையும் கால்குலேட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. அது எடுத்துக்கொள்ளாத ஒன்று பரம்பரை. பைபாஸ் செய்துகொண்ட நெருங்கிய இரத்த உறவினர்களை ஒப்பிட்ட ஆய்வில், அவர்களுக்கு எடை குறைந்த அளவு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. ஒரே வீட்டில் வாழும், இரத்த சம்பந்தம் இல்லாதவர்களிடம் அந்த ஒற்றுமை தெரியவில்லை. நீங்கள் ஸ்லீவில் ஒன்றரை வருடத்தில் 39 கிலோ, மொத்த எடையில் 33 சதவீதம் இழந்தவர். அது மிக நல்ல ஆரம்பம். தம்பியின் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு எதுக்களிப்பு வந்ததையும் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்லீவ்பாஸ் ஆய்வில் பத்தாம் வருடத்தில் எண்டோஸ்கோபி செய்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். தம்பிக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தால், ஸ்லீவா பைபாஸா என்பதை இன்னொரு முறை பேசித் தீர்மானிப்பது நல்லது. பிறகு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுமா என்பதையும் இதே தேர்வு ஓரளவு நிர்ணயிக்கிறது.

அவருடைய சர்க்கரையைப் பற்றி ஒரு வரி. நான்கு வருடம்தான் ஆகிறது, இன்சுலின் இல்லை. சர்க்கரை இயல்புக்குத் திரும்ப இவை இரண்டும் சாதகமான அறிகுறிகள். எடை 97-க்குப் பதிலாக 103-ல் நின்றாலும் அந்தப் பலன் கிடைக்கலாம்.

இனி உங்கள் விஷயம். இதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

சோஃபியா ஆய்வில் ஏற்கெனவே எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைச் சேர்க்கவில்லை. அது குறை இல்லை, அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியே முதல் ஆபரேஷன் பற்றியது. ஆனால் உங்கள் எண்களை உள்ளே போட்டால் அப்படிப்பட்ட கால்குலேட்டர் மறுக்காமல் விடை தரும், ஏனென்றால் 101 கிலோ, 160 செ.மீ., 44 வயது என்பது அதற்குப் பழக்கமான எண்கள்தான்.

இரண்டாவது ஆபரேஷனில் ஏன் குறைவாக எதிர்பார்க்க வேண்டும்? ஒரு காரணம் ரொம்ப எளிது. ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறோம். பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் மேல் பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸ் முதல் முறையாகச் செய்துகொள்பவருக்குக் கிடைக்கும் மாற்றங்களில் ஒரு பங்கை நீங்கள் ஆறு வருடத்துக்கு முன்பே பெற்றுவிட்டீர்கள். அதை இரண்டாம் முறை பெற முடியாது. புதிதாகக் கிடைப்பது, உணவு சிறுகுடலின் பிற்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் வரும் ஹார்மோன் மாற்றமும், எதுக்களிப்பிலிருந்து விடுதலையும். இன்னொரு காரணம், இரண்டாவது முறை வருகிறவர்கள் எல்லோரும் முதல் முறை பலன் நிலைக்காதவர்கள். நன்றாக இருப்பவர்கள் திரும்ப வருவதில்லை. அப்படிப் பொறுக்கி எடுத்த ஒரு கூட்டத்திடம் சராசரி குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இதே காரணத்தால், "ரிவிஷன்" (முதல் ஆபரேஷனை மாற்றிச் செய்வது) என்று பொதுவாகச் சொல்லப்படும் சராசரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பல வகை மனிதர்கள் கலந்திருப்பார்கள். வயிற்றின் மேல் பகுதியைச் சுற்றி இறுக்கும் பட்டை (பேண்ட்) போட்டு, அது நழுவியதால் பைபாஸுக்கு மாறுகிறவர் ஒருவர். பேண்ட் பெரும்பாலும் ஓர் இறுக்கம்தான், வயிறும் குடலும் அப்படியே இருந்தன. அவருக்கு பைபாஸ் ஏறக்குறைய முதல் ஆபரேஷன் மாதிரி. ஸ்லீவுக்குப் பிறகு எடை 75 கிலோவில் நிலைத்து, எதுக்களிப்புக்காக மட்டும் மாற்றிக்கொள்கிறவர் இன்னொருவர். அவருக்கு எடை அதிகம் குறையாது, குறையவும் தேவையில்லை. முதல் ஆபரேஷனிலிருந்தே எடை சரியாக இறங்காதவர் மூன்றாமவர். நன்றாக இறங்கி, பிறகு ஏறிய நீங்கள் நான்காவது. இந்த நால்வரின் சராசரி இவர்களில் யாரையுமே குறிக்காது.

2024-ல் வெளியான சர்வதேசக் கூட்டமைப்பு இஃப்ஸோவின் ஒருமித்த கருத்து இந்த வகைகளைத் தெளிவாகப் பிரிக்கிறது. மொத்த எடையில் 20 சதவீதம்கூடக் குறையாவிட்டால் ஆரம்பப் பலன் போதவில்லை என்று பொருள். குறைந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பினால் அது பிற்கால எடையேற்றம். உங்களுக்கு முதலாவது இல்லவே இல்லை. இரண்டாவது இருக்கிறது: போன 39 கிலோவில் 22 திரும்பியிருக்கிறது, 56 சதவீதம்.

சரி, கிலோவில் என்ன எதிர்பார்க்கலாம்? எடை ஏறியதற்காக ஸ்லீவை பைபாஸாக மாற்றியவர்களைப் பற்றி வெவ்வேறு மையங்கள் தந்த கணக்குகளைப் பார்த்தால், முதல் இரண்டு வருடத்தில் குறைவது பெரும்பாலும் மாற்றும்போது இருந்த எடையில் 10 முதல் 20 சதவீதம். உங்கள் 101-க்கு அது 10 முதல் 20 கிலோ, அதாவது 81-க்கும் 91-க்கும் நடுவில். முதல் ஆபரேஷன் அதன் முழு பலத்தோடு இருந்தபோது உங்கள் உடல் வந்து நின்ற இடம் 79. இரண்டாவது ஆபரேஷன் அதற்கும் கீழே கொண்டுபோவதை நான் எப்போதாவதுதான் பார்க்கிறேன். 70-ஐ நினைத்துக்கொண்டு போனால் 86-ல் நின்று அழுவீர்கள்.

அந்த 86-ஐ இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். 101-லிருந்து கணக்குப் போட்டால் அது 15 சதவீதம். 118-லிருந்து போட்டால் 27 சதவீதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அவர்கள் பன்னிரண்டாம் வருடத்தில் நிலைநிறுத்தியிருந்தது 26.9 சதவீதம். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் 86-ல் நின்றால், ஒரே ஆபரேஷனில் பலன் நிலைத்தவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். எந்த எடையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது வெற்றியும் தோல்வியும். ரிவிஷன் முடிவுகளைப் படிக்கும்போது ஆபரேஷனுக்கு முந்தைய எடை எது, முதலாவதா இரண்டாவதா என்று பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளே இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கிலோவைவிட முக்கியமாகப் படுவது, 79-லிருந்து 101 வந்த பாதை. ஒரு தாளில் வருடவாரியாக எடையை எழுதுங்கள். அதே தாளில் எதுக்களிப்பு தொடங்கிய மாதம், மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய மாதம், அளவு கூட்டிய மாதம், மாதவிடாய் மாறத் தொடங்கியிருந்தால் அது, எல்லாவற்றையும் குறியுங்கள். எடை எங்கே திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியும். மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் எடையை ஏற்றுவதில்லை. ஆனால் மிர்டாசபின் ஏற்றும், அதோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஓலான்சபின், குவெட்டியாபின் போன்றவையும் நன்றாகவே ஏற்றும். உங்களுக்கு அவற்றில் ஏதாவது இருந்தால், எடையைத் தொடாத வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று மனநல மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எடைக்காக மருந்தை விட்டு மனச்சோர்வு திரும்பினால் எந்த ஆபரேஷனும் உதவாது.

எதுக்களிப்பும் எடையும் தனித்தனிக் கதையாக இல்லாமலும் இருக்கலாம். எரிச்சலைத் தணிக்க அடிக்கடி மென்மையாக ஏதாவது விழுங்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடும், கலோரி அதன் வழியாக ஏறும். எண்டோஸ்கோபி செய்யாமல் ரிவிஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, உதரவிதானத்தில் இறக்கம் (வயிறு அதன் வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது) இருக்கிறதா, ஸ்லீவின் மேல் பகுதியில் பை போல விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் வயிற்றின் வடிவத்தைக் காட்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றினால் எதுக்களிப்பு பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும். அந்தக் கணிப்பை என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். எடை எவ்வளவு குறையும் என்ற கணிப்பில் அந்தத் தைரியம் இல்லை. எண்டோஸ்கோபியில் புண் தெரிந்தால், உங்களுக்கு பைபாஸ் செய்ய எடை சம்பந்தமே இல்லாத ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. அப்போது எடை இழப்பு கூடுதல் லாபம். புண் ஒன்றும் இல்லை, எதுக்களிப்பு சாதாரணம்தான் என்றால், 10 முதல் 20 கிலோவுக்காக இரண்டாவது ஆபரேஷனின் ஆபத்தை ஏற்க வேண்டுமா என்ற கேள்வி வேறு கேள்வி. ஏற்கெனவே தையல் போட்ட வயிற்றில் திரும்பச் செய்வதால் கசிவு, இரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் முதல் முறையைவிட அதிகம். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். இன்னும் நீளமாகக் குடலைத் தவிர்த்துச் செய்யும் முறைகளில் எடை கூடக் குறையும், ஆனால் சத்துக் குறைபாடும் கூடும். அவற்றில் ஒரே இணைப்பில் செய்யும் மினி பைபாஸ், பித்தநீர் மேலே வர இடம் கொடுப்பதால் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஆபரேஷனுக்கு முன் எடை குறைக்கும் ஊசி மருந்தை முயற்சி செய்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் எடை போதுமான அளவு குறையாதவர்களுக்கு லிராகுளுடைடு கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2023-ல் வந்தது. 24 வாரத்தில் மருந்து எடுத்தவர்கள் சராசரியாக 8.8 சதவீதம் இழந்தார்கள், வெற்று ஊசி எடுத்தவர்கள் அரை சதவீதம். உங்கள் எடையில் 8.8 சதவீதம் என்பது 9 கிலோ. ரிவிஷனில் எதிர்பார்க்கும் அளவின் கீழ் எல்லைக்கு அது பக்கத்தில் வந்துவிடுகிறது. செமாகுளுடைடு, டிர்செப்படைடு அதைவிட வலுவானவை. ஆபரேஷன் செய்யாதவர்களிடம் செமாகுளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைத்தது. ஆனால் அதை நிறுத்திய ஒரு வருடத்தில், போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அதனால் இது சில மாத மருந்து இல்லை. இந்த மருந்துகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சிலருக்கு எதுக்களிப்பு கூடும். உங்களுக்கு அது இருப்பதால் எண்டோஸ்கோபிக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு.

கட்டுப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். ஆபரேஷனுக்கு முன் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்ததா, எவ்வளவு ஆர்வமாக இருந்தார் என்பதை வைத்துப் பிற்கால எடையைக் கணிக்க முயன்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு: ஆபரேஷனுக்குப் பிறகு, சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு திரும்ப வருகிறவர்களுக்கு எடை ஏறுகிறது. அது சிகிச்சை உள்ள ஒரு பிரச்சினை. உங்களுக்கு அப்படி வருகிறதா என்று எழுதவில்லை. வந்தால் அறுவை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், உணவியல் நிபுணரும் உளவியல் நிபுணரும் அதைத் தனியாகக் கையாள முடியும். வீட்டில் சொல்வதற்கு, எடை குறைந்ததும் பசியைக் கூட்டி, செலவாகும் ஆற்றலைக் குறைத்து அதைத் திரும்ப ஏற்றப் பார்ப்பது உடலின் இயல்பு என்ற ஒரு தகவலே போதும்.

இருவருக்கும் பொதுவான ஒன்று பாக்கி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் எந்தக் கணக்கையும்விட, ஆபரேஷனுக்குப் பின் முதல் சில மாதத்து எடை நன்றாக எதிர்காலத்தைச் சொல்கிறது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை வைத்து இரண்டாம் வருடத்தை ஊகிப்பது, பிஎம்ஐயையும் வயதையும் வைத்து ஊகிப்பதைவிடச் சரியாக வருகிறது. தம்பி கால்குலேட்டரை இப்போது மூடிவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே எடைக் கருவியில் பார்த்து எழுதி வைக்கட்டும். மூன்றாம் மாதம் மருத்துவரிடம் போகும்போது, "என்னைப் போன்றவர்கள் இந்த மாதத்தில் வழக்கமாக எங்கே இருப்பார்கள், நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்கட்டும். பின்தங்கியிருந்தால் மருந்தும் உணவு ஆலோசனையும் அப்போதே தொடங்கலாம். ஐந்து வருடம் கழித்து ரிவிஷனைப் பற்றி எழுத வேண்டியிருக்காது. எடை ஓரிரு வாரம் அசையாமல் நிற்பது எல்லோருக்கும் நடக்கும், அதற்காகப் பயந்து உணவைக் குறைக்க வேண்டாம்.

நீங்கள் மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைக் கையில் கொண்டுபோங்கள்: வருடவாரி எடைத் தாள், எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், முதல் ஆபரேஷனின் குறிப்பு. அந்தக் குறிப்பை, ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம். எந்த அளவு குழாயை அளவுகோலாக வைத்து ஸ்லீவ் செய்தார்கள், இறக்கம் இருந்து சரி செய்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "என்னைப் போல, நன்றாகக் குறைந்து பிறகு ஏறிய ஸ்லீவ்காரர்களுக்கு நீங்கள் பைபாஸ் செய்ததில், மூன்று வருடம் கழித்து அவர்கள் எத்தனை கிலோவில் இருக்கிறார்கள்?" அவர் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு எல்லையைச் சொன்னால், தொடர்ந்து வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். எண்டோஸ்கோபி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.